கழுத்தை மடக்கிப் பார்த்த ஞாயிற்றுக்கிழமை

நான் கொஞ்சம் கர்வக்காரி. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

தா.பழூர் வட்டாரத்தில், கொள்ளிடக் கரையை ஒட்டிய நான்கு ஊர்களுக்கு நான் கிராம சுகாதார செவிலியர். ஊர்க்காரர்களுக்கு நர்ஸம்மா. சில கிழவிகளுக்கு ஊசிக்காரம்மா. எந்த வீட்டில் எத்தனை மாதப் பிள்ளை இருக்கிறது, அதற்கு அடுத்த ஊசி எந்தப் புதன்கிழமை என்று பதிவேட்டைத் திறக்காமலே சொல்லிவிடுவேன். நடவுக்குப் போன தாயை வரப்பு வரைக்கும் நடந்துபோய், சேற்றுக் காலோடு கூட்டிவந்து பிள்ளைக்கு ஊசி போட்டு அனுப்பியிருக்கிறேன். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு திருப்பூருக்கு வேலைக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தை நாள் தவறாமல் போனில் விரட்டி, அங்கேயே அந்த ஊசியைப் போட வைத்திருக்கிறேன். 'இந்தம்மா விடமாட்டாங்க' என்று அந்தப் பிள்ளையின் அப்பா அங்கிருந்த நர்ஸிடம் சொன்னாராம். அது எனக்குக் கிடைத்த நற்சான்றிதழ் என்றே எடுத்துக்கொண்டேன்.

இந்தப் பிடிவாதம் எனக்கு ஒரு குழந்தையிடமிருந்து வந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். ஆற்றோரத்துத் தெருவில் எட்டு மாதப் பெண் குழந்தை ஒன்றுக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல் என்று கூப்பிட்டார்கள். நான் போனபோது குழந்தை அழவில்லை. கண் ஒரு பக்கமாக நின்றிருந்தது. தலையைத் தடவினேன். உச்சிக்குழி பள்ளமாக இருக்கவேண்டிய இடத்தில் மேடாகப் புடைத்து நின்றது. வண்டி பிடித்துத் தஞ்சாவூருக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் குழந்தை திரும்பி வந்தபோது உயிரில்லை. ஒரு காலில் மட்டும் கொலுசு இருந்தது. இன்னொரு காலில் நரம்பு தேடுவதற்காக அதைக் கழற்றியிருந்தார்கள்.

எங்கள் ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர் பிறகு எனக்கு விளக்கினார். மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் பாக்டீரியா தொற்றிச் சீழ் பிடிக்கும் மூளைக்காய்ச்சல். கைக்குழந்தை வயதில் அதைக் கொண்டுவருபவை பெரும்பாலும் இரண்டு கிருமிகள். ஒன்று ஹிப், இன்னொன்று நிமோகாக்கஸ். "வெளிநாட்டுல ரெண்டுக்குமே ஊசி இருக்குங்க சிஸ்டர். நம்ம அட்டவணைக்கு இன்னும் வரல" என்றார். ஊசி இருக்கிறது, ஆனால் என் பெட்டியில் இல்லை என்பதை என்னால் தாங்க முடியவில்லை.

அப்புறம் வந்தது. ஐந்து நோய்க்கு ஒரே ஊசியாக வந்த பென்டாவில் ஹிப்பும் சேர்ந்திருந்தது. தொடை வீங்குகிறது, சாயங்காலம் காய்ச்சல் அடிக்கிறது என்று தாய்மார்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

"போட்டா ஒரு நாள் பூரா அழுவுதுங்க நர்ஸம்மா. அடுத்த தவண வேணாங்க."

"அழட்டும் தாயி. நான் பாத்த ஒரு புள்ள அழவே இல்ல" என்பேன். பிள்ளையைத் திருப்பிப் பிடித்துத் தொடையைக் காட்டிவிடுவார்கள்.

சில வருடங்கள் கழித்து நிமோகாக்கஸ் ஊசியும் வந்தது. ஆறாவது வாரம் ஒன்று, பதினாலாவது வாரம் ஒன்று, ஒன்பதாம் மாதம் ஒன்று. அந்த முதல் குப்பியைக் கையில் எடுத்த புதன்கிழமை நான் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத் துவைத்து இஸ்திரி போட்ட புடவை கட்டிக்கொண்டு போனேன். அதற்குப் பிறகு, எனக்குத் தெரிந்து, உச்சிக்குழி புடைத்த ஒரு குழந்தையை என் ஊர்களில் நான் பார்க்கவில்லை.

பச்சைக் குழந்தைகள் விஷயம் வேறு. அதையும் ஒரு குழந்தையிடம்தான் கற்றேன். பிரசவம் முடிந்து வீட்டுக்கு வந்த பெண்ணை ஒன்பதாம் நாள் பார்க்கப் போயிருந்தேன். தலைச்சன் பிள்ளை. இருபத்தோரு வயதுத் தாய் சந்தோஷமாகச் சொன்னாள்:

"நல்லா தூங்குதுக்கா. ரெண்டு நாளா தொந்தரவே இல்ல."

எனக்கு அந்த வார்த்தை பிடிக்கவில்லை. கையைக் கழுவிவிட்டுக் குழந்தையின் வாயில் விரல் நுனியை வைத்தேன். சப்பவில்லை. உடம்பு சுடவில்லை, மாறாகச் சில்லென்று இருந்தது. உள்ளங்காலைச் சுண்டினால் பூனைக்குட்டி போல ஒரு கீச்சுக் குரல் வந்து நின்றுவிட்டது. மாமியார்க்காரி, "காச்சலே இல்லையேம்மா, எதுக்கு ஆஸ்பத்திரி? தீட்டு கழியாத புள்ளய வெளிய கொண்டு போவக் கூடாது" என்று வாசலை மறித்தாள். அவளிடம் வாதாட எனக்கு நேரமில்லை. குழந்தையைத் தாயின் மார்போடு சேர்த்துத் துணியைச் சுற்றிக் கட்டி, 108 வண்டியில் நானும் ஏறிக்கொண்டேன்.

அரியலூரில் பச்சைக் குழந்தைகள் வார்டில் மூன்று வாரம் ஊசி மருந்து ஏற்றினார்கள். அந்த வார்டு டாக்டர் என்னிடம் சொன்னதை அப்படியே என் நோட்டில் எழுதிவைத்தேன்.

"பொறந்த புள்ளைக்குக் கிருமியே வேற சிஸ்டர். அம்மாவோட பொறப்பு வழியிலேருந்து ஒட்டிக்கிட்டு வரும். இந்தப் புள்ளைக்கு வந்தது ஈ.கோலை. குரூப் பி ஸ்ட்ரெப்டோகாக்கஸ்னு இன்னொண்ணு இருக்கு. எப்பவாவது லிஸ்டீரியா. இந்த வயசுல கழுத்து விறைக்கும், காய்ச்சல் கொதிக்கும்னு காத்துக்கிட்டு இருக்கக் கூடாது. பால் குடிக்கல, ரொம்பத் தூங்குதுன்னாலே அனுப்பிடுங்க. இதுக்கு நீங்க போடுற ஊசி எதுவும் உதவாது. உங்க கண்ணுதான் உதவும்."

அந்தக் குழந்தை இப்போது மூன்றாம் வகுப்புப் படிக்கிறாள். போன வருடம் பள்ளிக்கூடத்து ஓட்டப் பந்தயத்தில் வாங்கிய கப்பை என்னிடம் காட்டுவதற்கென்றே துணை சுகாதார நிலையத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

இதையெல்லாம் சொல்வதற்குக் காரணம், இந்த நோயை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நான் எவ்வளவு உறுதியாக நம்பியிருந்தேன் என்பதைச் சொல்லத்தான். அது பிள்ளைகளின் நோய். நான் பிள்ளைகளின் காவல்காரி. அப்படித்தான் நினைத்திருந்தேன்.

என் பிறந்த வீடு வாலிகண்டபுரத்துக்குப் பக்கத்துச் சிற்றூர். அப்பா அங்கே பஞ்சாயத்தில் டேங்க் ஆபரேட்டராக இருந்தவர். மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பி, தெருத் தெருவாகத் தண்ணீர் திறந்துவிடும் வேலை. விடிந்தால் அவர் கையில் வால்வு சாவி இருக்கும். ஓய்வு பெற்று வருடங்கள் ஆகியும், குழாயில் தண்ணீர் ஐந்து நிமிடம் தாமதமானால் தெருவில் நின்று புதிய ஆளை ஏசுவார். 'என் காலத்துல' என்று ஆரம்பித்தால் ஊரில் எல்லோரும் அவரவர் வேலையைப் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். கர்வம் எனக்கு எங்கிருந்து வந்தது என்று இதற்கு மேல் விளக்க வேண்டியதில்லை.

அறுபத்தெட்டு வயது. சர்க்கரை உண்டு, மாத்திரையை ஒழுங்காகப் போடமாட்டார். சின்ன வயதிலிருந்தே இடது காதில் சீழ் வடியும். பஞ்சை வைத்து அடைத்துக்கொண்டு, "அது பாட்டுக்கு வடியுது, அதுக்கென்ன" என்பார். அம்மா இறந்தபின் என் தம்பியோடு இருக்கிறார். தம்பி சின்ன வெங்காயமும் மக்காச்சோளமும் போடுகிறான்.

பொங்கல் கழிந்து இரண்டு வாரம் இருக்கும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம் தம்பி போன் செய்தான்.

"அக்கா, அப்பாவுக்கு சளி புடிச்சு ஒரு வாரமா காது வலி. ரெண்டு நாளா காச்சல். நேத்து கிளினிக்குல ஊசி போட்டுக் கூட்டியாந்தேன். இப்ப ஒரு மாதிரி பேசுறாரு."

"ஒரு மாதிரின்னா?"

"தண்ணி தொறந்தாச்சாங்கிறாரு. மேலத்தெருவுக்கு இன்னும் வுடலியேங்கிறாரு." சொல்லிவிட்டு அவன் சிரித்தான்.

நானும் சிரித்தேன். "காச்சல்ல பெனாத்துறாருடா. கஞ்சி குடு. நாளைக்கு வரேன்" என்று சொல்லிப் போனை வைத்தேன். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது. அதே வார்த்தையை ஏதாவது ஒரு தாய் தன் பிள்ளையைப் பற்றிச் சொல்லியிருந்தால் சைக்கிளை எடுத்துக்கொண்டு அப்போதே ஓடியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் முதல் பஸ் பிடித்து ஜெயங்கொண்டம் போய், அங்கிருந்து அரியலூர், அரியலூரிலிருந்து சுண்ணாம்புக்கல் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து பெரம்பலூர், பிறகு டவுன் பஸ் என்று வீடு போய்ச் சேர்ந்தபோது ஒன்பதரை தாண்டிவிட்டது. அப்பா கட்டிலில் சுவரைப் பார்த்துச் சுருண்டு படுத்திருந்தார். ஜன்னலில் உரச்சாக்கு ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார்கள்.

"வெளிச்சம் பட்டா கண்ணு கூசுதுங்கிறாரு. தல வெடிக்கிற மாரி வலிக்குதுன்னு கத்துறாரு. காலையில ரெண்டு வாட்டி வாந்தி" என்றான் தம்பி.

அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, மூளைக்காய்ச்சலின் அடையாளங்கள் என்று என் நோட்டில் நானே எழுதிவைத்த வரிகள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. கட்டிலில் ஏறி உட்கார்ந்தேன்.

"அப்பா, நான் வந்திருக்கேன். யாருன்னு தெரியுதா?"

கண்ணைத் திறக்காமலே, "மோட்டார நிறுத்து. தொட்டி வழியுது" என்றார்.

அவரை மல்லாக்கத் திருப்பித் தலையணையை எடுத்தேன். தலைக்கு அடியில் இரண்டு கைகளையும் கொடுத்து, முகவாயை நெஞ்சுப் பக்கம் மெல்ல மடக்கினேன். கழுத்து மடங்கவில்லை. பலகை போலத் தலையோடு சேர்ந்து தோளும் மேலே வந்தது. வலி தாங்காமல் முழங்கால்கள் இரண்டும் தாமாக மடிந்தன. எத்தனையோ பிள்ளைகளின் கழுத்தை இப்படி மடக்கிப் பார்த்து, 'ஒண்ணுமில்ல, சாதாரணக் காய்ச்சல்தான்' என்று சொல்லி வந்திருக்கிறேன். கையில் கழுத்து மடங்காமல் நின்றது அன்றைக்குத்தான். அது என் அப்பாவின் கழுத்து.

"108க்குப் போன் போடு."

"கோயில்ல திருநீறு வாங்கியாறேன்னு சித்தப்பா போயிருக்காரு. வரட்டுங்கா."

"வந்தா பெரம்பலூருக்கு எடுத்துக்கிட்டு வரட்டும். நீ போன் போடுடா."

வண்டி நெடுஞ்சாலை ஏறியதும் தம்பி என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தான். "என்னக்கா சந்தேகப்படுற?"

"மூளைக்காய்ச்சல்."

"அது சின்னப் புள்ளைங்களுக்கு வர்றதுன்னு நீதானேக்கா சொல்லுவ?"

நான் அப்பாவின் நாடியைப் பிடித்துப் பார்த்தேன்.

பெரம்பலூரில் அன்றைக்குப் பணியிலிருந்த டாக்டர் ஒரு பெண். நான் வேலை பார்த்த வருடங்களைவிட அவருடைய வயது நாலைந்துதான் கூடுதலாக இருக்கும். ஓடுகிற ஓட்டத்தில் பேசுவார், ஆனால் எதையும் விட்டுவிடமாட்டார். நான் சொன்னதைக் கேட்டு, அவரும் கழுத்தை மடக்கிப் பார்த்து, காதிலிருந்த பஞ்சை எடுத்து மோந்து பார்த்தார். அடுத்த சில நிமிடங்களில் ரத்தம் எடுத்தாயிற்று, மருந்தும் ஏறத் தொடங்கியது. "முடிவு வரட்டும்னு காத்திருக்க முடியாது. முதல்ல மருந்து. அப்புறம் தலைக்கு ஸ்கேன். அதுல தடங்கல் இல்லைன்னா முதுகுலேருந்து நீர் எடுத்துப் பாக்கணும்" என்றார்.

முதுகு என்றதும் தம்பி கட்டிலுக்கும் டாக்டருக்கும் நடுவில் வந்து நின்றுவிட்டான்.

"அது மட்டும் வேணாங்க. முதுகுல ஊசி போட்டுத் தண்ணி எடுத்தா கால் வெளங்காம போயிடும். எங்க பக்கத்துல ஒருத்தருக்கு அப்படித்தான் ஆச்சு."

"யாருக்குடா?" என்றேன்.

"யாருக்கோ ஆச்சுக்கா. எல்லாரும் சொல்றாங்க."

"பேரச் சொல்லு."

அவனுக்குப் பேர் தெரியவில்லை. அவன் கையைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துப்போனேன். அவன் இடுப்புக்கு மேலே முதுகெலும்பில் என் விரலை வைத்து அழுத்தினேன். "தண்டுவடம் இங்கயே முடிஞ்சிடுது. ஊசி போவுறது இதுக்கும் கீழ, இந்த இடத்துல. அங்க வெறும் தண்ணியும் மெல்லிசு நரம்புங்களும்தான். ஊசி வந்தா அதுங்க வெலகிக்கும். எந்தக் கிருமின்னு அந்தத் தண்ணியப் பாத்தாத்தான் தெரியும். தெரிஞ்சாத்தான் சரியான மருந்தக் குடுக்க முடியும். நாலு ஊருல நான் சொல்றத நம்புறாங்கடா. நீ நம்ப மாட்டியா?"

அவன் அழுதான். நாற்பது வயது ஆண்பிள்ளை, லுங்கி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நீயே கையெழுத்துப் போடுக்கா. எனக்குக் கை ஓடல" என்றான்.

நான் போட்டேன். எத்தனையோ படிவங்களில் அடுத்தவர்களைக் கையெழுத்துப் போட வைத்திருக்கிறேன். அந்தப் பேனா அவ்வளவு கனமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

ஸ்கேன் முடிந்து முதுகு நீர் எடுத்தார்கள். ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிவாக இருக்கவேண்டியது, அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கியிருந்தது. டாக்டர் குழாயை வெளிச்சத்தில் பிடித்து எனக்குக் காட்டினார்.

பரிசோதனைக்கு அனுப்பிவிட்டுக் காத்திருந்தபோது மருந்துச் சீட்டைப் பார்த்தேன். செஃப்ட்ரையாக்சோன் தெரியும். வான்கோமைசின் தெரியும். வீக்கத்துக்கு டெக்சா. கூடவே ஆம்பிசிலின் இருந்தது. பழக்கதோஷம், கேட்காமல் இருக்க முடியவில்லை.

"ஆம்பிசிலின் எதுக்குங்க டாக்டர்?"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க எந்த பிஎச்சி சிஸ்டர்?" எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தின் பேரைச் சொன்னேன். பிறகு அவர் விளக்கினார்: "அம்பது வயசுக்கு மேல ஆனா லிஸ்டீரியாவையும் மனசுல வெச்சுக்கணும். செஃப்ட்ரையாக்சோனுக்கு அது அசையாது. அதுக்குத்தான்."

"லிஸ்டீரியா பச்சப் புள்ளைங்களுக்கு வர்றதுன்னு கேட்டிருக்கேனே."

"அதேதான். கர்ப்பிணிங்க, பொறந்த புள்ளைங்க, வயசானவங்க. எதிர்ப்பு சக்தி கம்மியா இருக்கிற இடமாப் பாத்துப் போவும்."

ஒரு மணி நேரத்துக்குள் லேபிலிருந்து சீட்டு வந்தது. மைக்ரோஸ்கோப்பில் இரண்டிரண்டாக ஒட்டிக்கொண்டிருக்கும் நீலநிறக் கிருமிகள் தெரிந்தனவாம். டாக்டர் சீட்டை என் கையில் கொடுத்தார். "நிமோகாக்கஸ் மாரிதான் இருக்கு. வளர்த்துப் பாத்து உறுதி பண்ணிட்டா ஆம்பிசிலின நிறுத்திடலாம்."

நிமோகாக்கஸ். புதன்கிழமைதோறும் என் பெட்டியில் ஐஸ் பாக்கெட்டுகளுக்கு நடுவில் நான் தூக்கிக்கொண்டு நடக்கும் ஊசியின் கிருமி. கொள்ளிடக் கரையில் அத்தனை பிள்ளைகளைச் சுற்றி அதற்கு வேலி கட்டியிருக்கிறேன். அது என் அப்பாவின் காது வழியாகப் போயிருக்கிறது.

நான் சீட்டையே பார்த்துக்கொண்டு நின்றதை டாக்டர் வேறு மாதிரி புரிந்துகொண்டார் போல. என்னைப் பெஞ்சில் உட்காரவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகச் சொன்னார்.

"மூக்குலயும் தொண்டையிலயும் சும்மாவே குடியிருக்கிற கிருமி சிஸ்டர் இது. சளி புடிக்கும்போது காதுக்குப் போவும். உங்கப்பாவுக்குக் காது ஏற்கெனவே கெட்டிருக்கு, சர்க்கரை வேற. அங்கேருந்து மூளை உறைக்கு ரொம்ப தூரம் இல்ல."

"காலேஜ் படிக்கிற வயசுல, டாக்டர்? அவங்களுக்கு எது?"

"அந்த வயசுல மெனிங்கோகாக்கஸ நெனைக்கணும். ஹாஸ்டல் மாரி ஒரே அறையில நெருக்கமா இருக்கிற எடத்துல பரவும். காய்ச்சலோட தோல்ல செவப்பா, ஊதாவா புள்ளி வந்தா ஒரு நிமிஷம் கூடத் தாமதிக்கக் கூடாது. ஆனா நிமோகாக்கஸ் எந்த வயசையும் வுட்டு வைக்காது. ரெண்டு வயசுக்குக் கீழயும், வயசான காலத்துலயும் அதுக்கு ரொம்ப வசதி."

இவ்வளவு வருடம் வேலை பார்த்தும் அந்தக் கடைசி வரியை நான் யோசித்ததே இல்லை. பதினாலாவது வார ஊசி, ஒன்பதாவது மாத ஊசி என்று பிள்ளைகளின் வயதையே எண்ணிக்கொண்டிருந்த எனக்கு, அதே வீட்டில் கட்டிலில் கிடப்பவருக்கும் ஒரு வயது இருக்கிறது என்று தோன்றவில்லை.

இரண்டு நாள் அப்பா கண் திறக்கவில்லை. லீவு சொல்லிவிட்டுப் பக்கத்திலேயே இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் நான் அவர் முகத்தைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தபோது கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் குரல் எழும்பாமல் கேட்டார்:

"ஏ பாப்பா, இன்னைக்கு உனக்கு டூட்டி இல்ல?"

நான் வார்டு என்றும் பாராமல் வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்துக் கட்டில்காரருக்குத் துணையிருந்த அம்மா, நான் அழுகிறேன் என்று நினைத்து எழுந்து வந்துவிட்டார். இரண்டும்தான் இருந்திருக்கும்.

அன்று மாலையே ஒரு விஷயம் தெரிந்தது. இடது பக்கம் நின்று பேசினால் அப்பா திரும்பவில்லை. முன்பு அந்தக் காதில் மந்தமாகவாவது கேட்கும். இப்போது ஒன்றுமே கேட்கவில்லை. மூளைக்காய்ச்சல் போகும்போது கேட்கும் திறனை எடுத்துக்கொண்டு போவது உண்டு என்றும், வலது காது தப்பியதே பெரிய விஷயம் என்றும் டாக்டர் சொன்னார். அப்பா அதை அவ்வளவாகப் பொருட்படுத்தவில்லை. "அந்தக் காதால எனக்கு என்னைக்கும் உருப்படி கெடையாது" என்றார்.

ஒரு வாரம் கழித்து டாக்டர் காலை ரவுண்டில் அப்பாவின் வலது பக்கமாக வந்து நின்று, வழக்கத்தைவிடச் சத்தமாகச் சொன்னார்:

"பெரியவரே, உங்க பொண்ணு அன்னைக்கு வந்து கழுத்த மடக்கிப் பாக்கலைன்னா, இன்னும் அரை நாள்ல கதை மாறியிருக்கும். அவங்கதான் கண்டுபுடிச்சாங்க. நான் வைத்தியம்தான் பாத்தேன்."

அப்பா தலையை ஆட்டினார். பிறகு கையைக் காதருகே வைத்துக்கொண்டு, "சரியா கேக்கலிங்களே. இன்னொரு வாட்டி சொல்லுங்க" என்றார்.

டாக்டர் இன்னும் சத்தமாகச் சொன்னார். வார்டு முழுவதும் திரும்பிப் பார்த்தது. அப்பா ஒவ்வொரு கட்டிலாகப் பார்த்து, எல்லோரும் கேட்டுவிட்டார்கள் என்று உறுதி செய்துகொண்டார். முதல் தடவையே அவருக்குக் கேட்டிருக்கும். எனக்கு அவரைத் தெரியாதா?

அதற்குப் பிறகு அந்த வார்டில் யாருக்கு என்ன என்றாலும் என்னிடம் அனுப்பினார். 'எம் பொண்ணு தா.பழூர்ப் பக்கம் நர்ஸு. நாலு ஊரு அது கையிலதான் இருக்கு.' மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னாலா பின்னாலா என்று கேட்க ஒரு வரிசையே நின்றது. வெட்கமாக இருந்தது என்று சொன்னால் பொய். ஓய்வு பெறும் வரைக்கும் போதுமான பாராட்டை அந்த இரண்டு வாரத்தில் வாங்கிவிட்டேன்.

பதினாலு நாள் மருந்து முடிந்து அப்பா தன் காலால் நடந்து வெளியே வந்தார். தம்பியை அப்போது பார்த்திருக்க வேண்டும். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஊர் டீக்கடை வரைக்கும் அவன் ஒரே பேச்சுத்தான். "முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காதுன்னு எவன் சொன்னான்? எங்கப்பாவப் பாருங்க. டவுன் பஸ்ல நின்னுக்கிட்டே வராரு." இப்போது சுற்றுவட்டாரத்தில் யாருக்காவது முதுகு நீர் எடுக்கவேண்டும் என்றால், வீட்டார் பயந்தால் அவனுக்குத்தான் போன் வருகிறது. அவன், நான் விரல் வைத்த அதே இடத்தில் தன் விரலை வைத்து விளக்குகிறானாம்.

சில மாதம் கழித்துத் திருச்சியில் அப்பாவின் காதுக்கு ஆபரேஷன் நடந்தது. இப்போது வடிவதில்லை, கேட்பதும் இல்லை. சர்க்கரை மாத்திரையை நேரத்துக்குப் போடுகிறார். வயதானவர்களுக்கு நிமோகாக்கஸ் ஊசி உண்டு, டாக்டர் பார்த்து எழுதிக்கொடுத்தால் வெளியில் வாங்கிப் போட்டுக்கொள்ளலாம் என்று பெரம்பலூர் டாக்டர் சொல்லியிருந்தார். அதை வாங்கி, அவர் முன்னிலையிலேயே என் கையால் அப்பாவுக்குப் போட்டேன். ஊசி போடும்போது அப்பா பல்லைக் கடித்துக்கொண்டு மேலே விட்டத்தைப் பார்த்தார். ஆறு வாரப் பிள்ளைகள்கூட அவ்வளவு முகம் சுளித்ததில்லை.

எங்கள் வட்டாரக் கூட்டத்தில் நான் இதைச் சொல்லவேண்டும் என்று எங்கள் டாக்டர் கேட்டுக்கொண்டார். மைக் முன்னால் நின்று பேசிப் பழக்கம் இல்லை. ஆனாலும் சொன்னேன். பச்சைக் குழந்தைக்கு எது வரும், எதைப் பார்க்கவேண்டும் என்று சொன்னேன். நாம் போடும் ஊசிகள் எந்த இரண்டு கிருமியைக் கைக்குழந்தைகளிடமிருந்து விலக்கி வைத்திருக்கின்றன என்று சொன்னேன். ஹாஸ்டல் பிள்ளைகள் காய்ச்சலும் தலைவலியும் கழுத்து வலியும் என்று வீட்டுக்குப் போன் செய்தால் 'மாத்திர போட்டுத் தூங்கு' என்று சொல்லவேண்டாம் என்றேன். கடைசியில், சனிக்கிழமை சாயங்காலம் போனில் நான் சிரித்ததையும் சொன்னேன். அதை விட்டுவிட்டுப் பேசியிருக்கலாம். ஆனால் அதைக் கேட்டபோதுதான் பின் வரிசையில் இருந்தவர்கள்கூட நோட்டை எடுத்தார்கள்.

இப்போது பிள்ளையைப் பார்க்கப் போகும் வீட்டில் பெரியவர்களையும் விசாரிக்கிறேன். காது வடிகிறதா, சளி எத்தனை நாளாக, சர்க்கரை பார்த்தீர்களா, பேச்சில் தடுமாற்றம் உண்டா. போன மாதம் ஒரு வீட்டில் பிள்ளையின் ஒன்பதாம் மாத ஊசிக்கு நாள் சொல்லிவிட்டு, அதன் தாத்தாவின் காதிலிருந்த பஞ்சை எடுக்கச் சொன்னேன். அவர் மனைவி பாக்கு இடித்துக்கொண்டே, "ஊசிக்காரம்மா இப்ப கெழடுங்களயும் வுடுறதில்ல" என்று சிரித்தார்.

"ஆமாம்மா, வுட மாட்டேன்" என்றேன். மறுநாள் காலை பத்து மணிக்கு ஜெயங்கொண்டம் ஆஸ்பத்திரியில் காது டாக்டர் அறைக்கு வெளியே அந்தத் தாத்தா உட்கார்ந்திருந்தார். அவர் வந்துவிட்டாரா என்று பார்க்க நானும் போயிருந்தேன்.